கோப்பையைத் திருப்பிப் பாருங்கள்

சென்னையிலும் கோவையிலும் பிஜி அறைகளில் தங்கி வேலை பார்க்கும் தம்பி தங்கைகளுக்கு,



நான் ஒரு மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். முப்பது வயதைக்கூடத் தொடாத பலர் இப்போதெல்லாம் என் எதிரில் வந்து உட்காருகிறார்கள். ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கும், அல்லது கல்லீரலில் கொழுப்பு படிய ஆரம்பித்திருப்பதாக ஸ்கேன் சொல்லும். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் இட்லி, பிரியாணி, டீ என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, "ஸ்வீட் பக்கமே போறதில்லக்கா, சாயங்காலம் பசிச்சா ஒரு யோகர்ட், அவ்வளவுதான்" என்று நிம்மதியாக முடிப்பார்கள். எந்த யோகர்ட் என்றால் ஸ்ட்ராபெர்ரி, மாம்பழம், புளூபெர்ரி என்று பதில் வரும். அதில் எவ்வளவு சர்க்கரை என்றால் பேச்சு நின்றுவிடும்.

உங்களிடம் யோகர்ட்டை விடச் சொல்லி இந்த மடலை எழுதவில்லை. அடுப்பு இல்லாத அறையில், பத்து நிமிடத்தில் பசியாற்றக்கூடிய உணவுகளில் தயிரைப் போல உருப்படியானது குறைவு. புரதம், கால்சியம், பி12 மூன்றும் ஒரே கிண்ணத்தில் கிடைக்கின்றன. 200 கிராம் தயிர் சாப்பிட்டால் ஒரு நாளுக்கு வேண்டிய 1000 மில்லிகிராம் கால்சியத்தில் ஏறக்குறைய கால் பங்கு வந்துவிடும். முட்டை, மீன், கறி தொடாதவர்களுக்கு பி12 கிடைக்கும் வழிகள் மிகச் சில. பாலும் தயிரும்தான் அவற்றில் முக்கியம். ஆகவே தயிர் சாப்பிடுங்கள், தினமும் சாப்பிடுங்கள். நான் கேட்பது ஒன்றுதான்: இனிப்புச் சேர்க்காத வெறும் தயிரை வாங்குங்கள், ருசியை உங்கள் கையால் சேருங்கள். ஏன் என்பதற்கும், அந்த வெறும் தயிரிலும் எதை வாங்குவது என்பதற்கும்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கோப்பையின் முன்பக்கத்தில் பழத்தின் படமும் பசுமாட்டின் படமும் இருக்கும். அதை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். ஆப்பில் வாங்குபவர்கள் பொருளின் படங்களைத் தள்ளிக்கொண்டே போனால் மூன்றாவதோ நான்காவதோ பின்பக்கப் படமாக இருக்கும்; விரலால் பெரிதாக்கிப் படிக்கலாம். அங்கே ஒரு சிறிய அட்டவணை இருக்கும். அதில் எல்லா வரியையும் படிக்க வேண்டியதில்லை. முதலில் சேர்க்கப்பட்ட சர்க்கரை, அடுத்து புரதம். இந்த இரண்டு வரிகள் போதும், பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

சர்க்கரை இரண்டு வரியாக இருப்பதைப் பார்த்துப் பலர் குழம்புகிறார்கள். மொத்தச் சர்க்கரை என்பதில் பாலுக்கு இயல்பாகவே உள்ள லாக்டோஸும் அடங்கும். 100 கிராம் வெறும் தயிரில் அது 4 கிராம், 5 கிராம் அளவில் இருக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம், பாலோடு பிறந்தது அது. ஆலையில் கொட்டியது எவ்வளவு என்பதைச் சொல்வது சேர்க்கப்பட்ட சர்க்கரை என்ற வரி. வெறும் தயிரில் அது பூஜ்யமாக இருக்கும், இருக்க வேண்டும். பழச்சுவைக் கோப்பையில் மொத்தம் 15 கிராம், சேர்த்தது 10 கிராம் என்கிற மாதிரியான எண்களைச் சாதாரணமாகப் பார்க்கலாம். 10 கிராம் என்றால் இரண்டு டீஸ்பூன். டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்று சொல்லிப் பழகிய நீங்கள், நாலே வாயில் முடிகிற கோப்பைக்குள் இரண்டு ஸ்பூனை எடுத்துக்கொள்கிறீர்கள்.

அந்த வரிக்குப் பக்கத்திலேயே ஒரு சதவீதம் போட்டிருப்பார்கள். 10 கிராமுக்கு 20 சதவீதம் என்று இருக்கும். அட, அவ்வளவுதானா என்று தோன்றும். நம் நாட்டு லேபிள் விதி, ஒரு நாளைக்கு 50 கிராம் சேர்த்த சர்க்கரை என்ற கணக்கில் அந்தச் சதவீதத்தைப் போடச் சொல்கிறது. 2000 கலோரி சாப்பிடும் ஒருவருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு என்ற கணக்கு அது. உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் பத்து சதவீதத்தைத்தான் உச்சவரம்பாக வைத்தது. ஆனால் அதையும் பாதியாக்கி 5 சதவீதத்துக்குள் நிறுத்தினால் கூடுதல் நன்மை என்றும் சொன்னது. அது 25 கிராம். அந்தக் கணக்கில் உங்கள் கையிலிருக்கும் கோப்பை 40 சதவீதம். காலையில் இரண்டு காபி, மதியம் ஒரு டீ, கூட இரண்டு பிஸ்கட் சேர்ந்தால் மிச்சமும் தீர்ந்துவிடும்.

இன்னொன்று, அந்தச் சதவீதம் ஒரு பரிமாறும் அளவுக்கு. குடிக்கிற யோகர்ட் பாட்டிலில் பரிமாறும் அளவு 100 மில்லி என்று போட்டு, பாட்டிலில் 180 மில்லி இருந்தால், நீங்கள் குடிப்பது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பாதி பாட்டிலைக் குடித்துவிட்டு மூடி வைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. அதனால் எந்தப் பொருளையும் 100 கிராம் கணக்கில் வைத்தே ஒப்பிடுங்கள். 80 கிராம் கோப்பையையும் 125 கிராம் கோப்பையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண் ஏமாந்துவிடும்.

அட்டவணைக்கு மேலேயோ கீழேயோ சேர்மானப் பட்டியல் இருக்கும். எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது விதி. பாலுக்கு அடுத்தபடியாகச் சர்க்கரை, அதற்கப்புறம்தான் பழம் என்றிருந்தால் உங்களுக்கே புரிந்துவிடும். பழக்கூழ் என்று போட்டு அதற்குள்ளே அடைப்புக்குறியில் மறுபடியும் சர்க்கரை ஒளிந்திருப்பதும் உண்டு. வெல்லம், தேன், பேரீச்சம்பழச் சிரப் என்று எழுதியிருந்தால் மனம் இளகிவிடாதீர்கள். தேனையும் சிரப்பையும் உலக சுகாதார நிறுவனம் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. உடம்பும் அப்படியே சேர்க்கிறது.

முன்பக்கத்து வாசகங்களுக்கு வருகிறேன். "கொழுப்பு குறைந்தது" என்று பெரிதாகப் போட்டிருக்கும். 100 கிராமில் 3 கிராமுக்கு மேல் கொழுப்பு இல்லாவிட்டால் ஒரு பொருள் அப்படிச் சொல்லிக்கொள்ளலாம். நம் ஊரில் நீல நிற ஆவின் பாக்கெட்டில் வரும் சமன்படுத்திய பாலிலேயே கொழுப்பு 3 சதவீதம்தான். ஊரில் அம்மா அந்தப் பாலில் உறை ஊற்றி வைக்கும் தயிரே ஏறக்குறைய அந்தத் தகுதிக்கு வந்துவிடுகிறது; அதைச் சொல்லிப் பெருமைப்பட ஒரு அட்டை இல்லை, அவ்வளவுதான். கொழுப்பை எடுத்த தயிர் நாக்கில் மொழுமொழுவென்று இருக்காது, புளிப்பும் தூக்கலாகத் தெரியும். அந்தக் குறையை மறைக்கச் சர்க்கரையைச் சேர்ப்பது பழைய வழக்கம். ஓடியாடும் வயதில் இருக்கிற உங்களுக்கு 3, 4.5 சதவீதக் கொழுப்புள்ள வெறும் தயிரே போதும். அதில் சர்க்கரை இல்லை என்பதுதான் பெரிய விஷயம். 6 சதவீத நிறைகொழுப்புப் பாலில் செய்த தயிர் ருசியில் தனி ரகம், மறுக்க மாட்டேன். 200 கிராமில் 12 கிராம் கொழுப்பு, அதில் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு என்பதை நினைவில் வைத்து, அன்றைக்கு பரோட்டா சால்னாவை விட்டுக்கொடுங்கள்.

"சர்க்கரை சேர்க்கவில்லை" என்று சொல்லியும் இனிக்கிறதா? சேர்மானப் பட்டியலில் ஐஎன்எஸ் என்ற சேர்க்கைப்பொருள் எண் 955 என்றிருந்தால் சுக்ரலோஸ், 960 என்றிருந்தால் ஸ்டீவியா. உடல் எடையைக் கட்டுக்குள் வைக்க இந்த மாற்று இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023இல் பரிந்துரைத்தது. எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இவை நாக்கை இனிப்பிலேயே வைத்திருக்கின்றன. புளிப்பை ருசிக்கப் பழகாத நாக்கு எப்போதும் சர்க்கரைக்குத்தான் திரும்பும்.

இனி ஜிம்முக்குப் போகிறவர்களுக்குப் பிடித்த கிரீக் யோகர்ட். தயிரைத் துணியில் கட்டி நீரை வடித்தால் மிஞ்சும் கெட்டித் தயிர்தான் அது. நீர் போகப் போக மிச்சத்தில் புரதம் செறிவாகிறது. வெறும் தயிரில் 100 கிராமுக்கு 3 முதல் 4 கிராம் புரதம் என்றால், நன்றாக வடித்ததில் 7, 8, சிலவற்றில் 10 கிராம்கூட இருக்கும். ஆனால் கெட்டியாக இருப்பதெல்லாம் வடித்தது ஆகிவிடாது. ஐஎன்எஸ் 1442 என்ற மாற்றிய மாவுச்சத்து, 440 என்ற பெக்டின் போன்றவையும் தயிரைக் கரண்டி நிற்கும் அளவுக்குக் கெட்டியாக்கும். அவை விஷமல்ல, அனுமதிக்கப்பட்டவைதான். அவற்றால் கெட்டித்தன்மை கிடைக்கிறது, புரதம் கிடைப்பதில்லை. நீங்கள் கொடுப்பதோ புரதத்துக்கான விலை. எனவே கிரீக் என்ற பெயரைப் பார்க்காமல் புரத எண்ணைப் பாருங்கள். 100 கிராமில் 5 கிராம்கூட இல்லையென்றால் அது சாதாரணத் தயிரின் அண்ணன் தம்பிதான். புளூபெர்ரி கிரீக் என்றால் மறுபடியும் சர்க்கரை வரியைப் பார்க்க வேண்டும்.

விலையையும் புரதத்தைக் கொண்டே அளக்கலாம். 400 கிராம் பாக்கெட் தயிரில் ஏறக்குறைய 14 கிராம் புரதம். 100 கிராம் கிரீக் கோப்பையில் 8 கிராம். இரண்டின் விலையையும் அந்தந்தக் கிராமால் வகுத்துப் பாருங்கள். விலை கடைக்குக் கடை மாறும், உங்கள் பில்லே உங்களுக்குச் சொல்லட்டும். ஒரு கிராம் புரதத்துக்குக் கோப்பையில் கொடுப்பது பெரும்பாலும் பாக்கெட்டில் கொடுப்பதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கும். நம் நாட்டுப் பரிந்துரைப்படி உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் போதும். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு சுமார் 50 கிராம். அதில் பருப்பும் சுண்டலும் முட்டையும் பெரும்பங்கைத் தந்துவிடும். தயிர் துணைக்கு நிற்பது, தூண் அல்ல. உடற்பயிற்சி கடுமையாகச் செய்கிறவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படலாம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

காசு மிச்சமாக வேண்டும், கிரீக்கும் வேண்டும் என்பவர்கள் இப்படிச் செய்யலாம். பழைய வேட்டித்துண்டு ஒன்றை வெந்நீரில் அலசிக் காயப்போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். டீ வடிகட்டியைவிடக் கொஞ்சம் பெரிய வடிகட்டியை ஒரு கிண்ணத்தின் மேல் வைத்து, துணியை விரித்து, அரைக் கிலோ தயிரைக் கொட்டி, நான்கு முனையையும் மேலே மடித்து பிரிட்ஜுக்குள் வைத்துவிட்டுத் தூங்குங்கள். வெளியே தொங்கவிட வேண்டாம், நம் ஊர்ச் சூட்டில் விடிவதற்குள் புளித்துவிடும். காலையில் கிண்ணத்தில் மஞ்சளும் பச்சையும் கலந்த தெளிந்த நீர் நிற்கும். அந்த நிறம் ரைபோபிளேவின் என்ற பி வைட்டமினுடையது. துணியில் ஏறக்குறைய பாதியளவு தயிர், பன்னீருக்கும் வெண்ணெய்க்கும் நடுவிலான பதத்தில், துணியின் நெய்தல் கோடுகள் பதிந்து உருண்டையாக வரும். புரதம் அதே எடைக்கு ஏறக்குறைய இருமடங்கு. கிண்ணத்து நீரைக் கொட்டிவிடாதீர்கள். கால்சியத்தில் கொஞ்சம் அதில் போயிருக்கிறது. உப்பும் மிளகும் போட்டுக் குடிக்கலாம், அடுப்பு இருந்தால் ரசத்தில் ஊற்றலாம்.

இப்போது ருசி. சத்தைப் பற்றி எவ்வளவு சொன்னாலும், பிடிக்காததை யாரும் நாலாவது நாள் சாப்பிட மாட்டார்கள். வெறும் தயிர் புளிக்கிறது, அதனால்தான் ஸ்ட்ராபெர்ரி என்று என்னிடம் சொன்னவர்கள் ஏராளம். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. புளித்துப்போன தயிரை ஒரு முறை வாங்கினவர்களுக்கு மறுபடி கை நீளாது. ஆனால் வெறும் தயிர் எல்லாம் ஒரே ருசி அல்ல. பாலின் லாக்டோஸை நுண்ணுயிர்கள் லாக்டிக் அமிலமாக மாற்ற மாற்றப் புளிப்பு ஏறுகிறது. குளிரில் அந்த வேலை மெதுவாகும், நின்றுவிடாது. எனவே பாக்கெட் போட்ட தேதியைப் பாருங்கள். காலாவதி தேதிக்குள் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. நேற்றோ முந்தாநாளோ போட்டதா என்பதுதான் ருசிக்கான கேள்வி. பாக்கெட் உப்பியிருந்தாலோ, கோப்பையின் மூடி மேலே எழும்பியிருந்தாலோ தொடாதீர்கள். இரவில் பிரிட்ஜை அணைத்துவிடும் கடை என்று தெரிந்தால் அங்கே தயிர் வாங்க வேண்டாம்.

மணமும் வேறு வேறு. யோகர்ட்டுக்கென்று இரண்டு பாக்டீரியாக்கள் உண்டு: லாக்டோபேசிலஸ் பல்காரிகஸ், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸ். 42, 43 டிகிரிச் சூட்டில் இவை சேர்ந்து வேலை செய்து அசிட்டால்டிஹைடு என்ற பொருளைத் தருகின்றன. பச்சை ஆப்பிளை நறுக்கினால் வருகிற மாதிரி ஒரு கூர்மையான மணம் அது. வீட்டு உறைமோரில் இருப்பது பல வகை நுண்ணுயிர்களின் கூட்டம். அவற்றில் சில, அறையின் சாதாரணச் சூட்டிலேயே வளர்ந்து டைஅசிட்டைல் என்ற பொருளைத் தருகின்றன; வெண்ணெய் மணம் அதிலிருந்துதான். ஊர்த் தயிர் மாதிரி இல்லை என்று நீங்கள் குறைப்படுவது பெரும்பாலும் இந்த மணத்தைத்தான். பாக்கெட் தயிர்களிலும் சில ஊர்த் தயிரின் பக்கம் சாயும், சில யோகர்ட்டின் பக்கம் சாயும். தேடினால் உங்களுக்குப் பிடித்தது கிடைக்கும்.

தேட ஒரு வழி சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அறையில் நாலு பேர் இருக்கும்போது, மூன்று நான்கு கம்பெனிகளின் வெறும் தயிரை, பேக் செய்த தேதி அருகருகே இருப்பதாகப் பார்த்துச் சின்ன அளவில் வாங்குங்கள். ஒருவர் மட்டும் எது எந்தக் கிண்ணம் என்று தெரிந்துவைத்துக்கொள்ளட்டும். மற்றவர்கள் ஒரு ஸ்பூன் எடுத்து முதலில் முகர்ந்து, நாக்கில் வைத்துக் கரையவிட்டு, அப்புறம் விழுங்குங்கள். இடையிடையே தண்ணீர். புளிப்பு நாக்கின் ஓரத்தில் சுரீரென்கிறதா, மெதுவாக வந்து தங்குகிறதா? மாவுபோல் ஒட்டுகிறதா, வழுக்கிக்கொண்டு போகிறதா? பின்நாக்கில் பால்பவுடர் வாசம் நிற்கிறதா? எல்லாம் முடிந்தபின் கடைசியில் ஸ்ட்ராபெர்ரிக் கோப்பையில் ஒரு ஸ்பூன் எடுத்துப் பாருங்கள். தயிரைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். இதை வீட்டில் செய்து பார்க்கச் சொன்னவர்களில் பலர் அடுத்த முறை வரும்போது தாங்களாகவே அந்தக் கோப்பையை விட்டிருந்தார்கள்.

பிடித்த தயிர் கிடைத்தபின் அதில் நீங்கள் எதையும் சேர்க்கலாம். பாதி மலைப்பழத்தை மசித்துவிட்டால் இனிப்புக்கு இனிப்பும் ஆயிற்று, நாரும் ஆயிற்று. மாதுளை, கறுப்பு திராட்சை, சித்திரை வைகாசியில் இரண்டு துண்டு மாம்பழம். கடிக்க வேண்டுமென்றால் வறுத்த வேர்க்கடலை. உப்பு ருசிக்காரர்களுக்கு வெள்ளரிக்காய், மிளகுத்தூள், கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை. மெஸ்ஸில் மிஞ்சிய பீட்ரூட் பொரியலைத் தயிரில் கலந்தால் அதுவே பச்சடி. ஊறுகாய் மட்டும் தொட்டுக்கொள்ளும் அளவில் நிற்கட்டும், அதில் உப்பு அதிகம். இனிப்பை ஒரேயடியாக விட முடியாதவர்கள் முதலில் பழச்சுவைக் கோப்பையில் சம அளவு வெறும் தயிரைக் கலந்து சாப்பிடுங்கள். நாக்கு பழகப் பழக இனிப்புப் பங்கைக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

புரோபயாடிக் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சொல் மட்டும் போதாது. எந்த பாக்டீரியா, எத்தனை கோடி என்று லேபிள் சொல்ல வேண்டும். உறைந்தபின் சூடுபடுத்திய தயிர் என்றால் அதில் உயிருள்ளவை இருக்காது, புரதமும் கால்சியமும் இருக்கும். தயிர்சாதம் பிசைபவர்கள் சாதம் ஆறியபின் தயிரை ஊற்றினால் நுண்ணுயிர்கள் பிழைக்கும். பால் குடித்தால் வயிறு உப்புகிறது என்பவர்களில் பலருக்குத் தயிர் ஒத்துக்கொள்வதற்கு அந்த நுண்ணுயிர்கள்தான் காரணம்.

யோகர்ட் சாப்பிட்டால் நீரிழிவு வராது என்று சுற்றும் காணொளிகளையும் பார்த்திருப்பீர்கள். 2024 மார்ச்சில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் ஒன்றை அனுமதித்தது உண்மை: வாரத்துக்கு இரண்டு கப்பாவது யோகர்ட் சாப்பிடுவது இரண்டாம் வகை நீரிழிவின் ஆபத்தைக் குறைக்கலாம், ஆனால் ஆதாரம் குறைந்த அளவே என்று சேர்த்துத்தான் லேபிளில் சொல்ல வேண்டும். சர்க்கரை கூடுதலாக உள்ள யோகர்ட்டுகளுக்கு இந்த வாசகத்தைப் பயன்படுத்துவது குறித்து அந்த நிர்வாகமே கவனம் கேட்டது. காணொளிகளில் இந்தப் பாதி வருவதில்லை.

கடைசியாக உங்கள் பிஜி மெஸ்ஸைப் பற்றி. அங்கே இரவில் ஊற்றும் தயிர் பல இடங்களில் மோராகத்தான் இருக்கிறது. மாதம் பணம் கட்டுகிறீர்கள். எந்தப் பாலில் உறை ஊற்றுகிறார்கள், எவ்வளவு தண்ணீர் சேர்க்கிறார்கள் என்று மெஸ் நடத்தும் அண்ணனிடமோ அக்காவிடமோ மரியாதையாகக் கேளுங்கள். தனியாகக் கேட்டால் சிரித்து அனுப்பிவிடுவார்கள், பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள். சமன்படுத்திய பாலில் உறை ஊற்றிய தயிர் ஆளுக்கு ஒரு கிண்ணம், தண்ணீர் கலக்காமல்: இதைக் கேட்பது பெரிய கோரிக்கை இல்லை. அது நடக்கும்வரை, ஒரு அறைக்கு ஒரு கிலோ வெறும் தயிராக வாங்குங்கள். நாலு பேர் சாப்பிட்டால் இரண்டு நாளைக்கு மேல் தாங்காது, புளிக்கவும் நேரம் இருக்காது. வாங்கும் முறை யாருடையது என்பதை மட்டும் பிரிட்ஜ் கதவில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா